அறிவுச்செல்வி மாற்றிப் பற்றவைத்த கிட்டார்

எருமப்பட்டியில் மோட்டார் காயில் கட்டுகிற அறிவுச்செல்வி, என் சித்தி மகன் பொன்னனின் மூத்த மகள். சின்ன வயதில் ரேடியோ பிரித்துப் பழகி, பிறகு போர்வெல் மோட்டாருக்கு வந்தவள். சுற்றுப்பட்டில் பாதித் தோட்டங்களுக்குத் தண்ணீர் ஏறுவது அவள் கை பட்ட மோட்டாரில்தான். அவளுடைய தம்பி மகள் மோனிஷா கிட்டார் வாசிக்கிறவள்.

போன வைகாசியில் எங்கள் பங்காளி வீட்டில் காதுகுத்து. மண்டபத்தில் நாமக்கல் தனசேகரின் பாட்டுக் கச்சேரி. மோனிஷாவை அன்று ஒரு நாள் வாசிக்கவிட்டுப் பார்த்து, சரிப்பட்டால் குழுவில் சேர்த்துக்கொள்வதாகத் தனசேகர் சொல்லியிருந்தான். இரண்டு வருடமாக அவள் காத்துக் கிடந்தது இதற்குத்தான்.

தம்மம்பட்டியிலிருந்து தாய்மாமன் சீர் வந்துகொண்டிருந்தது. சீர்த்தட்டு வாசலில் நுழைந்தது முதல், பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைக்கிறவரை பாட்டு நிற்கக் கூடாது. நின்றுபோனால் மாமன் வீட்டார் முகம் சுண்டிவிடும். எங்கள் சனத்தில் அதை இருபது வருடம் வைத்துப் பேசுவார்கள்.

அதற்காக ஒத்திகை பார்த்தார்கள். பாடுகிறவள் வாயைத் திறந்தாள், கிட்டார் அடங்கிப்போனது. மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் அப்படியே.

"ஏனம்மணி, பாடறவ வாயத் தொறந்தா உன் கிட்டாரு வாய மூடிக்குது?" என்றான் தனசேகர். மைக் அணைக்கப்படவில்லை. மண்டபமே சிரித்தது.

"இல்லீங்ணா, பாட்டு கேக்கோணும்னு ஒரு வால்யூமத்தான் கொறைக்கறேன். ரெண்டுமே செத்துப் போயிருதுங்க."

"கருவி மேல பழி போடாத. கை பழகுல உனக்கு. கீபோர்டுலயே கிட்டார் சத்தம் இருக்குது. எறங்கிக்க சாமி."

மோனிஷா தோள் வாரில் கை வைத்தாள். கழற்றவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிவுச்செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. முந்தின வாரம் அந்தக் கிட்டாரைப் பிரித்தவள் அவள்தான். அதில் கம்பிகளுக்கு அடியில் இரண்டு காந்தச் சுருள் உண்டு, பிக்கப் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்யூம் குமிழ், இரண்டுக்கும் பொதுவாக ஒரு டோன் குமிழ். வால்யூம் இரண்டும் கரகரவென்றதால் புதிது போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு பிக்கப்பையும் தனியாகத்தான் ஓட்டிப் பார்த்தாள், மோட்டாரைப் பார்க்கிற மாதிரி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவளிடம் மோட்டார் கொடுக்கிறவர்கள்.  அப்படியிருந்தும் அவள் எழுந்து மேடைக்குப் போனாள்.

"தப்பு அவ கையில இல்லீங்க. நாந்தான் ஒயரை மாத்தி வெச்சுட்டேன்."

அதுவும் மைக்கில் கேட்டது. பின்வரிசையிலிருந்து தீர்த்தகிரி மாமா எழுந்தார். "அப்ப என் மோட்டாரு?"

"ஓடுதல்லங்க மாமா? பேசாம உக்காருங்க."

அந்த நேரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தப்பட்டைச் சத்தம் எழுந்தது. சீர் ஊருக்குள் வந்துவிட்டது.

"கால் மணி நேரங்கூட இல்லீங்க்கா," என்றான் தனசேகர். "சாமி சத்தியமா, பாட்டு நின்னுதுன்னா எனக்கு இந்தப் பக்கம் கச்சேரியே கெடைக்காது."

அவள் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஈயம் வைக்கிற அயர்னை எடுத்து வந்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் சொருகினாள். அது சூடேறுவதற்குள் கிட்டாரின் பின்மூடியைக் கழற்றினாள். வால்யூமுக்கு ஒயர் பற்றவைக்க மூன்று கால். ரேடியோவில் செய்கிற மாதிரி, பிக்கப் ஒயரை ஓரத்துக் காலில் கொடுத்து நடுக்காலிலிருந்து வெளியே எடுத்திருந்தாள்.

"ரெண்டு போரையும் ஒரே பைப்புல சேத்து வால்வு இல்லாம உட்ட மாதிரி ஆகிப்போச்சு கண்ணு," என்றாள் மோனிஷாவிடம். "ஒண்ண நிறுத்துனா, இன்னொண்ணோட தண்ணியும் அதுக்குள்ளயே எறங்கிரும்."

தப்பட்டை நெருங்கியது. அயர்ன் முனையை ஈயத்தில் தொட்டாள், உருகவில்லை. இன்னொரு முறை தொட்டாள். உருகியது. பிக்கப் ஒயரை நடுக்காலுக்கு மாற்றினாள், வெளியே போகிறதை ஓரத்துக்கு. இரண்டாவது வால்யூமில் ஒயர் எட்டவில்லை. துண்டு ஒயர் ஒன்றைப் பல்லால் சீவி ஒட்டுப் போட்டாள். வாசலில் ஆரத்தித் தட்டு தெரிந்தது.

"மூடி?" என்றாள் மோனிஷா.

"மூடி கெடக்குது, போ. டோனை முழுசாத் தொறந்தே வெச்சுக்க. வால்யூமக் கொறைச்சா சத்தம் மந்தமாகும், அதுக்கு இப்ப வழி இல்ல."

ஒத்திகைக்கு நேரமில்லை. பாட்டு எழுந்தது, தட்டுகள் உள்ளே வந்தன. பாடுகிறவள் வாயைத் திறந்தாள். மோனிஷா ஒரு வால்யூம் குமிழைக் கடைசிவரை குறைத்தாள். அறிவுச்செல்வி அயர்னைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

கிட்டார் நிற்கவில்லை. சற்றே மங்கி, பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து, ஆசாரி ஊசியை எடுத்து, பிள்ளை வீறிட்டு அழுகிறவரைக்கும் ஓடியது.

பந்தியில் தனசேகர் இலையைப் பார்த்தபடியே மோனிஷாவிடம் சொன்னான்: "ஞாயித்துக்கிழமை ராசிபுரம். மூணு மணிக்கு வேன் வரும். மூடியப் போட்டுட்டு வா."

எதிர் இலையில் தீர்த்தகிரி மாமா விடவில்லை. "நாளைக்கு என் மோட்டாரத் தூக்கிட்டு வாரேன். என் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டோணும்."

"கொண்டாங்க மாமா," என்றாள் அறிவுச்செல்வி. அவள் விரலில் ஈயம் சுட்ட கொப்புளம். ரசம் ஊற்றிக்கொள்ளவில்லை.