மறுகா எண்டா ஓடுற ஜீப்பு

என்ட புருசன் ஹில்மிக்கு என்ன தொழில் எண்டு ஆரும் கேட்டா, வாகன விமர்சகர் எண்டு சொல்லச் சொல்லி எனக்கு உத்தரவு. வாகனம் எண்டா நீங்க லொறி, பஸ் எண்டு நினைச்சிரப்படா. எல்லாம் விளையாட்டுச் சாமான். சாவி குடுத்தா ஓடுற காரு, ரிமோட்டில கிறுகுற டோசர். அதுகளப் பெட்டியில இருந்து வெளிய எடுத்து, சில்லு எப்பிடி, பெயின்ற் எப்பிடி, கதவு திறக்குதா எண்டெல்லாம் யூரியூப்பில சொல்ற. மறுகா திரும்பவும் பெட்டிக்குள்ள வைக்கிற. இவ்வளவுதான் விமர்சனம். நிசமான வாகனத்தில இவருக்கு ஓடத் தெரிஞ்சது சைக்கிள் மட்டும்தான். ஓட்டோ லைசனுக்கு ரெண்டு தரம் போய் ரெண்டு தரமும் பெயிலாகி வந்தவரு.

மறுகா எண்டா பிறகு எண்டு அர்த்தம். வெளியூராருக்காகச் சொல்றன். எங்கட மட்டக்களப்புப் பக்கத்தில மறுகா இல்லாம ஒரு கதை நகராது. என்ட மனிசனுக்குக் கொஞ்சம் கூட. கதைக்க ஒண்டும் இல்லாமப் போனாலும் என்ட முகத்தப் பாத்து, "மறுகா?" எண்டு கேட்டுக்கொண்டிருப்பாரு. கலியாணம் முடிச்ச அண்டு என்னோட கதைச்ச முதல் கதையும் அதுதான்.

ஆனா கமராவுக்கு முன்னுக்கு நிண்டா ஆளே வேற. "வணக்கம் மக்களே, இன்னிக்கு நாம பாக்கப்போற வண்டி வேற லெவல்" எண்டுவாரு. காத்தான்குடியில பிறந்து, காத்தான்குடிச் சோத்தத் திண்டு வளந்த மனிசனுக்கு மட்ராஸ் கதை எங்க இருந்து வந்திச்சு? பதினொரு வரிசம் கட்டார்ல சாமான் ஸ்டோர்ல பெட்டி அடுக்கினவரு. விமானம் மாறக்கூட மட்ராஸ்ல இறங்கினதில்ல. கேட்டா, "இதுதான் அசீமா உலகத் தமிழ், எங்கட கதை ஆருக்கு விளங்கும்" எண்டு எனக்குப் பாடம். பிறிட்ஜில ஒரு தாள் ஒட்டி வெச்சிருந்தாரு. சில்லு எண்டு சொல்லப்படா, சக்கரம். கிறுகு எண்டு சொல்லப்படா, திரும்பு. ஆக மேல சிவப்பு மையில, மறுகா எண்டு சொல்லவே படா, அப்புறம். ஒருநாள் சோறு போடக்குள்ள கறிச்சட்டியோட நிண்டு, "அப்புறம், ஆணம் ஊத்தவா மக்களே?" எண்டு கேட்டன். அண்டு முழுக்க முகத்தத் தூக்கி வெச்சிருந்தாரு.

இந்த உலகத் தமிழக் கேட்கிறதுக்கு இருநூத்திப் பன்னிரண்டு பேர் இருந்தாங்க. அதில முக்கால்வாசி ஏறாவூர்லயும் ஓட்டமாவடியிலயும் இருக்கிற எங்கட குடும்பம். மிச்சம் ஆரெண்டு எனக்குத் தெரியா.

இப்பிடி இருக்கக்குள்ளதான் கொழும்பில விளையாட்டுச் சாமான் இறக்குமதி செய்யிற ஒரு கொம்பனி இவருக்கு எழுதினது. தமிழில விமர்சனம் செய்ய நிரந்தரமா ஒரு ஆள் தேடுறாங்களாம். ஒரு ஜீப்பு அனுப்புறமாம், ஞாயித்துக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவங்கட யூரியூப் பக்கத்திலயே லைவா விமர்சனம் செய்யணுமாம், பிடிச்சா வேலையாம். அதே கிழமதான் இவருக்குத் திரும்பவும் கட்டார் விசாவும் வந்து கிடந்திச்சு. திங்கக்கிழம ஏஜென்சிக்கு ஓம், இல்ல எண்டு சொல்லியாகணும். "ஜீப்பு சரி வந்தா நான் போக மாட்டன்" எண்டு எனக்கும் மகள் ஸுஹைனாவுக்கும் முன்னால சொன்னாரு.

எனக்கு இவர் போகப்படா. அவ்வளவுதான். பதினொரு வரிசம் போனுக்குள்ள புருசன வெச்சிருந்தவளுக்குத்தான் அது விளங்கும். ஆனா இத நான் வாயத் திறந்து சொல்லல்ல. சொன்னா விமர்சகருக்குக் கொம்பு முளைச்சிரும்.

ஜீப்பு வந்திச்சு. அத உங்களுக்கு விளங்கப்படுத்தணும். நாங்க சின்னதா இருக்கக்குள்ள ரிவியில ஒரு வெள்ளைக்கார நாடகம் போகும். பேர் ஒருத்தருக்கும் வாயில நுழையல்ல, தண்ணி ஜீப்பு எண்டுதான் சொல்ற. பச்சை ஜீப்பு, தரையிலயும் ஓடும் தண்ணியிலயும் ஓடும். தொப்பி போட்ட ஒருத்தன் கூப்பிட்டா மட்டும்தான் வரும், வேற ஆர் கத்தினாலும் அசையாது. கரண்டு இல்லாத நாளையில லொறிப் பற்றரியில ரிவியப் போட்டு ஊரே பாத்தது. இது அந்த ஜீப்புதான், சோத்துக் கோப்பை அளவில. ரெண்டு லைற்று, பின்னுக்குத் தண்ணியில சுத்துற காத்தாடி, உள்ள தொப்பிக்காரன். ஸ்டேரிங் மட்டும் நாடகத்தில இடப்பக்கம், இதில வலப்பக்கம். இந்தப் பிழையக் கண்டுபிடிச்சதில இவருக்கு ரெண்டு நாள் நித்திரை இல்லாத சந்தோசம்.

நாடகத்தப் போல இதுவும் எசமான்ட குரலுக்கு மட்டும்தான் ஓடும். அடியில மூண்டு பட்டன். ஒண்ட அமத்தி ஒரு சொல்லுச் சொன்னா அந்தச் சொல்லுக்கு ஓடும், அடுத்தத அமத்திச் சொன்னா அந்தச் சொல்லுக்கு நிக்கும், மூண்டாவது கிறுகுறதுக்கு. ஒருக்காப் பதிஞ்சாப் பதிஞ்சதுதான், மாத்த ஏலாது எண்டு தாளில பெரிசா எழுதிக் கிடந்திச்சு. நான்தான் வாசிச்சன். "முதலாவது பட்டன அமத்தச் சொல்லிக் கிடக்கு" எண்டு வாசிச்சி வாய மூடல்ல, மனிசன் அமத்திப்போட்டு என்னைப் பாத்து, "மறுகா?" எண்டு கேட்டாரு.

பச்சை லைற்று மின்னிச்சு. பதிஞ்சிட்டு.

நான், "ஐயோ அதுதான் பதிஞ்சிட்டு, இனி ரெண்டாவது" எண்டு சொல்லத் தொடங்க, இவரு பதறி ரெண்டாவதயும் அமத்திக்கொண்டு, "பொறு பொறு" எண்டாரு. அதுக்கும் பச்சை. மூண்டாவத இனிக் கவனமா, திரும்பு எண்டு சொல்றதுக்குத் தொண்டையச் செருமி, நெஞ்ச நிமித்தி அமத்தினாரு. பெட்டிக்குள்ள இருந்த தூசு மூக்குக்க போய் ஒரு தும்மல். அதுக்கும் பச்சை.

ஆக, உலகத் தமிழ் விமர்சகர்ட ஜீப்பு மறுகா எண்டா ஓடும், பொறு பொறு எண்டா நிக்கும், தும்மினாக் கிறுகும். நானும் மகளும் வயித்தப் பிடிச்சிக்கொண்டு சிரிச்சம். இவரு சிரிக்கல்ல. "லைவில வாயால ஓட்டவே மாட்டன். ரிமோட்டும் இருக்குத்தானே. மறுகாவச் சொன்னாத்தானே பிரச்சினை" எண்டாரு. அதச் சொல்லி முடியக்குள்ள ஜீப்பு மேசையால விழுந்து கதிரைக்குக் கீழால போய்ச் சுவர்ல முட்டிச்சு.

ஞாயித்துக்கிழம அசர் முடிஞ்சு ஆத்தங்கரைக்குப் போனம். புத்தகத்தில அது வாவி, எங்களுக்கு ஆறுதான். கண்டல் மரம் இல்லாத ஒரு இடமாப் பாத்து, தண்ணி ஓரத்தில பலகை போட்டு அதுக்கு மேல ஜீப்ப வெச்சாரு. போனப் பிடிக்கிறது நான். எனக்குப் பக்கத்தில மகள், அவட போனில ஆரு என்ன எழுதுறாங்க எண்டு பாத்துச் சொல்றதுக்கு. கொம்பனிக்காரரும் பாத்துக்கொண்டிருக்காங்க எண்டு சொன்னா.

"வணக்கம் மக்களே." தொடங்கிற்று. பெட்டியப் பத்தி மட்டும் ஆறு நிமிசம். பெட்டிட மூலை, பெட்டிட ஒட்டு, பெட்டிக்குள்ள இருந்த பெட்டி. பதினொரு வரிசம் பெட்டி தூக்கின அறிவெல்லாம் கொட்டினாரு. அப்புறம் சக்கரம், அப்புறம் லைற்று, அப்புறம் காத்தாடி. எல்லாம் நல்லாத்தான் போச்சு, எனக்கும் நெஞ்சு கொஞ்சம் ஆறிச்சு. அப்பதான் தொப்பிக்காரனக் கமராவுக்குக் காட்டப் போய் அவன்ட தொப்பியக் கழட்டிப்போட்டாரு. அது மணலுக்க விழுந்திட்டு. குனிஞ்சி தேடினாரு, கிடைக்கல்ல. நிமிந்தாரு. அடுத்து என்ன சொல்றதெண்டு மறந்து போச்சு. மறந்தா இவரு என்ன செய்வாரு? என்ட முகத்தப் பாத்தாரு.

"மறுகா?"

ஜீப்பு பலகையால இறங்கித் தண்ணிக்குள்ள போச்சு.

பொய் சொல்லப்படா, வடிவாப் போச்சு. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு இல்ல, லைற்றும் எரிஞ்சிது. இவரு சமாளிச்சாரு: "பாருங்க மக்களே, தானாவே தண்ணில இறங்கிடுச்சு, செம." ரிமோட்ட அமத்தினாரு. எசமான்ட குரலக் கேட்ட பிறகு ரிமோட்ட அது கணக்கில எடுக்காது எண்டு அதே தாளிலதான் எழுதிக் கிடந்திச்சு. ஜீப்பு அக்கரையில இருக்கிற படுவான்கரைக்குப் போற மாதிரி நேராப் போகுது. "நில்லு, நிறுத்து, ஸ்டாப்" எண்டு கத்துறாரு.

"பொறு எண்டு சொல்லுங்க" எண்டு நான் போனுக்குப் பின்னால இருந்து சொன்னன். தலைய ஆட்டினாரு, ஏலாதாம். உலகம் பாக்குதாம். "எண்டாத் தும்முங்க" எண்டன். அதுக்கு மட்டும் சம்மதிச்சி, "ஹச்" எண்டு ஒரு பொய்த் தும்மல் தும்மினாரு. ஜீப்பு அத எடுக்கல்ல.

எனக்கு வந்திச்சே ஒரு விசர். "உங்கட உலகத்தக் கொண்டு போய் அடுப்புக்க வைங்க. சாமான் கடலுக்குப் போகப்போகுது. நாளைக்கி விசாவுக்கு ஓம் சொல்லணும் தெரியுமா? வாயத் திறந்து உங்கட கதையக் கதையுங்க" எண்டு சத்தம் போட்டன். அதெல்லாம் லைவில போச்சு எண்டு மறுகாதான் தெரியும்.

மனிசன் சாரத்த மடிச்சிக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணிக்க இறங்கினாரு. மறுகா கேக்கணுமே அந்தக் கதைய. "அடேய் பொறு பொறு. எங்கடா போறாய்? இவ்வளவு செஞ்சி மறுகா என்னய..." எண்டாரு. பொறுவுக்கு நிண்ட ஜீப்பு மறுகாவுக்குத் திரும்ப ஓடிச்சு. "பொறு பொறு. ஒள்ளுப்பம், ஒரு நிமிசம் நிண்டாப் போதும், மறுகா நான்..." திரும்பவும் ஓட்டம். சொந்தக் கதையில மறுகா இல்லாம ரெண்டு வரி கதைக்க ஏலாது இந்த மனிசனுக்கு. நிக்கிற, ஓடுற, நிக்கிற, ஓடுற. மகள் போனப் பாத்து, "உம்மா, ஒம்பதாயிரம் பேர் பாக்கிறாங்க" எண்டா.

கடைசியில தோணியில வந்த எங்கட ஊர் மூத்தவர் உசனார் காக்காதான் இறால் அள்ளுற அத்தாங்கு வலையப் போட்டு ஜீப்ப அள்ளினாரு. திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு, "ஹில்மி, இதுக்கு ஆணம் காய்ச்சேலுமா?" எண்டு கேட்டாரு. அதோட லைவ் முடிஞ்சிது.

அடுத்த நாள் விடிய, பாண் வாங்கப் போனா பாண்காரன் மறுகா எண்டுறான். பள்ளிவாசலால இவரு வரக்குள்ள சந்தியில நிக்கிறவனெல்லாம் மறுகா எண்டுறான். அதோட இவரு வீட்டுக்குள்ள போனவரு வெளிய வரல்ல. பத்து மணிக்குக் கொம்பனியில இருந்து செய்தி வந்திச்சு. நான்தான் வாசிச்சன். கடைசி நாலு நிமிசத்தப் பாத்து ஒபீஸ் முழுக்க ரசிச்சாங்களாம். அந்தக் கதைக்காகத்தான் மட்டக்களப்பில ஆள் தேடினாங்களாம். ஆனா முன்னுக்குள்ள இருபது நிமிசத்தையும், இவர்ர பழைய வீடியோவையும் பாத்தா இவருக்கு அது சரிவராது எண்டு தெரியுதாம். அந்த மாதிரித் தமிழுக்குச் சென்னையிலயே அவங்களுக்கு ஆள் இருக்காம். ஜீப்ப நீங்களே வெச்சிக்கொள்ளுங்க, நன்றி.

இவரு எழும்பிப் போனாரு. பிறிட்ஜில இருந்த தாளக் கிழிச்சிக் குப்பையில போட்டாரு. ளுகர் தொழுகை முடிச்சிப்போட்டு ஏஜென்சிக்குக் கோல் எடுத்து ஓம் எண்டாரு. நான் பக்கத்திலதான் நிண்டன். போகாதீங்க எண்டு வாய் வரைக்கும் வந்திச்சு. "பெட்டியில எத்தின சாரம் வைக்கிற?" எண்டு கேட்டன். ஊரெல்லாம் கேக்கிற மாதிரி லைவில கத்தத் தெரிஞ்ச எனக்கு அண்டைக்கு அதத்தான் கேக்கத் தெரிஞ்சிது.

போய் இப்ப மூண்டு மாசம். வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு எடுப்பாரு. போன மேசையில சாத்தி வெச்சி நானும் மகளும் இருப்பம். வெயில், ரூம், சாப்பாடு, எல்லாம் கேட்டு முடிஞ்சிரும். முந்தின வெள்ளியும் அப்பிடித்தான் ஒரு கதையும் இல்லாமப் போச்சு. அவரு என்னைப் பாத்துக்கொண்டிருந்தாரு.

"மறுகா?" எண்டாரு.

அலுமாரிக்குப் பக்கத்தில தொப்பி இல்லாத தொப்பிக்காரனோட நிண்ட ஜீப்பு லைற்றப் போட்டுக்கொண்டு ஓடி வந்து என்ட கால்ல முட்டிச்சு. முட்டிக்கொண்டே நிண்டு சில்லச் சுத்துது. அவருக்கும் சத்தம் கேட்டிருக்கணும். மறுகா மெதுவா, "பொறு பொறு" எண்டாரு. நிண்டிச்சு.

ஒவ்வொரு வெள்ளியும் இதுதான் நடக்குது, பற்றரியக் கழட்டி வைங்க உம்மா எண்டு மகள் சொல்றா. நான் கழட்டல்ல. நேத்து சந்தைக்குப் போகக்குள்ள புதுசு நாலு வாங்கி வந்து வெச்சிருக்கன்.