கிரிஜா கேட்டு வாங்கிய ஓட்டு

மேற்கு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் எங்கள் தெருவில் கிரிஜா தட்டாத கதவு கிடையாது. 1970 தொடக்கத்தில் அவளுக்குப் பதினெட்டு வயது. ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஓட்டுப் போடும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்க மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும்; அதற்கு மக்கள் வாக்களித்துச் சம்மதம் சொல்ல வேண்டும். சம்மதம் சொல்லப்போகிறவர்களோ இருபத்தொன்றைத் தாண்டியவர்கள். ஆகவே பனியில் வீடுவீடாகப் போய்ப் பெரிசுகளிடம் கெஞ்சினாள். "முதலில் தலையை வாரு" என்று கதவைச் சாத்திய மகானுபாவர்களும் உண்டு.

மார்ச்சில் திருத்தம் ஜெயித்தது. நவம்பரில் மாநிலத் தேர்தல். சிநேகிதிகளுக்கெல்லாம் வாக்காளர் அட்டை வந்தது, இவளுக்கு வரவில்லை. அவள் தபால்காரரைத் திட்டிக்கொண்டிருந்த அன்று நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் அப்பா சுவாமிநாதன் என்னோடு ரசாயன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அம்மா அன்னெலீஸ் அந்த ஊர்க்காரி.

"உனக்கு வராதும்மா" என்றார் சுவாமிநாதன், தட்டிலிருந்து தலை தூக்காமல். "நீ இந்தியன் சிட்டிசன்."

"அம்மா ஜெர்மன். நான் பொறந்ததும் இங்கதான்."

"இந்த ஊர் சட்டப்படி அப்பா எந்த நாடோ, பிள்ளையும் அந்த நாடு."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

தன்னுடைய இந்திய பாஸ்போர்ட் மெட்ராஸ் போய்வர எடுத்தது என்றே அவள் நினைத்திருந்தாள். ஜெர்மன் குடியுரிமைக்கு மனுப் போடுவதை மனுஷன் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தார். என்றைக்கோ ஊர் திரும்புவாராம்! கிரிஜா பிறகு தானே மனுப் போட்டாள். படிப்பு முடியட்டும், வேலை நிலைக்கட்டும் என்று அதிகாரிகள் இழுத்தடித்தார்கள்.

1975இல் சட்டம் மாறியது. ஜெர்மன் தாயின் பிள்ளைகளும் இனி ஜெர்மானியர். முன்பே பிறந்தவர்கள் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், ஆனால் 1953 மார்ச்சுக்குப் பின் பிறந்திருக்க வேண்டும். கிரிஜா பிறந்தது 1952. தம்பி அசோகனுக்குக் கிடைத்தது. அவன் ஒரு கதவையும் தட்டியவன் அல்ல.

1976 தேர்தலன்று அவன் சோபாவை விட்டு எழவில்லை.

"போகலையாடா?" என்றாள் கிரிஜா.

"என் ஒரு ஓட்டுல என்னக்கா ஆயிடப்போகுது?"

கோட்டை அவன்மேல் எறிந்து, கையோடு இழுத்துப் போனாள். நான் அந்தப் பக்கம் போனபோது தம்பி வாக்குச்சாவடிக்குள் இருந்தான். இவள் வாசலில் குளிரில் நின்றிருந்தாள்.

"உள்ள போய் நில்லேன்மா" என்றேன்.

"எனக்கு அங்க என்ன வேலை, மாமா?"