ராகுகாலத்தில் திறந்த கலுங்கு

எழுமலைக்குத் தெற்கே எங்கள் ஊர். மேற்கு மலையில் மழை பெய்தால் இறங்கி வரும் வெள்ளத்தை ஊருக்குள் விடாமல் தடுப்பது ஒரு மண்கரைதான். கரைக்கு அந்தப் பக்கம் கண்மாய். இந்தப் பக்கம் பள்ளத்தில் கீழத்தெரு, நாற்பது வீடு. சீனியம்மாள் மதினியின் வீடும் அங்கேதான்.

மதினிக்கு நாற்பத்தெட்டு வயது. புருஷன் செல்வக்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். தீபாவளிக்கும் பங்குனிப் பொங்கலுக்கும்தான் தலையைக் காட்டுவார். மதினி எட்டாவது படித்தவர். நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளர். காலையும் மதியமும் ஆட்களை வரிசையாக நிறுத்தி, செல்போனில் போட்டோ எடுத்து ஏற்றுவது அவர் வேலை. எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. வேலைக்குப் போன என் மனைவி பாண்டிமீனா வேப்பமரத்தடியில் கொஞ்சம் கண்ணசந்ததற்கு, ஊரே கேட்கிற மாதிரி சத்தம் போட்டு எழுப்பியவர் அவர்.

போன கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. ஆறு வருஷம் நிறையாத கண்மாய் நிறைந்துவிட்டது. மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கரையின் தென்கோடியில் கல் கட்டி வைத்திருக்கிறார்கள், அதுதான் கலுங்கு. அதன் மேல் நாங்கள் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கியிருந்தோம். தண்ணீர் கூடுதலாக நிற்குமே! காய்ந்து கிடந்தவனுக்கு ஒரு சொட்டு வெளியே போனாலும் வயிறு எரியும். மூட்டை அடுக்கியவர்களில் நானும் ஒருத்தன்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. கண்மாய் நிறைந்தால் கலுங்கடிக் கருப்பனுக்குக் கிடாய் வெட்டி, அப்புறம்தான் கலுங்கில் பேருக்குக் கொஞ்சம் தண்ணீர் திறப்போம். பூசை முடிகிற வரை கலுங்கில் யாரும் கால் வைக்கக்கூடாது. அன்று வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். கிடாய்க்கு மாலை போட்டு நிறுத்தியாயிற்று. பூசாரி கருத்தக்கண்ணன் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்தே முக்காலுக்கு மதினி கரை மேல் ஓடி வந்தார். காலெல்லாம் சேறு.

"அண்ணே, நடுக்கரையில தண்ணி கசியுது. கலங்கி வருது."

"கண்மாய் நெறஞ்சா கசியத்தான செய்யும், ஆத்தா" என்றார் கருத்தக்கண்ணன்.

"தெளிஞ்ச தண்ணின்னா நான் ஏன் ஓடியாறேன்? கலங்கி வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். இப்பவே மூட்டைய எடுங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். போன வருஷம் கரையைப் பலப்படுத்தும் வேலையில், அந்த இடத்தில் நின்ற சீமைக்கருவேல மரங்களை வெட்டினோம். மண்ணுக்குள் வேரோடு நின்ற தூரைப் பிடுங்கவில்லை. மறுநாள் அளவெடுக்க ஓவர்சியர் வருகிறார் என்று, தூர்கள் மேலேயே மண்ணைப் போட்டு மூடச் சொன்னது அவர்தான். தூர் மக்கி, உள்ளே பொந்தாகியிருக்கும்.

"தப்பு என்னுதுதேன். அதுக்கு என்ன செய்யணுமோ பெறகு செய்ங்க. இப்ப தண்ணியத் தொறங்க."

கூட்டம் பிடித்துக்கொண்டது. கையில் காசு வாங்கிக்கொண்டு கரையையே கெடுத்தவள் என்றான் ஒருத்தன். ஊர்த் தண்ணீரைத் தொலைக்க வந்தவள் என்றான் இன்னொருத்தன். குதிரை கீழே தள்ளியதும் பத்தாதென்று குழியும் பறித்த கதையாக இருக்கிறதே என்று நானும் சேர்ந்து பேசினேன். கருத்தக்கண்ணன் அண்ணன் கையை உயர்த்தினார்.

"இன்னும் ஒரு மணி நேரம். ராகுகாலத்துல கருப்பன் தண்ணியத் தொட்டா ஊருக்கு ஆகாது."

மதினி கீழத்தெருவைப் பார்த்தார். அங்கே கூரைகளில் அடுப்புப் புகை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் பிள்ளைகள் தெருவில் திரிந்தன. சட்டென்று கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கலுங்கில் இறங்கிவிட்டார். கூட்டம் ஓவென்று கத்தியது. இழுத்து வர நான்தான் ஓடினேன். மண்வெட்டிக் காம்பைப் பிடித்துவிட்டேன்.

"விடு தம்பி. உன் வீடு மேட்டுல இருக்கு."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. கையை எடுத்தேன். அவர் முதல் மூட்டையைக் கிழித்தார். இரண்டாவதை அவர் இழுக்கும்போது என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, நானும் குனிந்து இழுத்தேன். மூன்றாவது மூட்டையைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போனது. இரண்டு பேரும் கல்லைப் பிடித்துக்கொண்டு தப்பினோம். மேலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே வசவு விழுந்தது.

பொழுது சாயும்போது கண்மாயில் இரண்டடி இறங்கியிருந்தது. கசிவு நூலாக மெலிந்து தெளிந்துவிட்டது. கரை நின்றது. நின்ற கரையைப் பார்த்து யாருக்கு நன்றி சொல்லத் தோன்றும்?

மாசியில் நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் பற்றவில்லை. கதிர் பாதி பதராகிவிட்டது. ஊரே மதினியைத் திட்டியது. 'வேலையில் முறைகேடு செய்தார், கண்மாய்த் தண்ணீரைத் தேவையில்லாமல் திறந்துவிட்டார்' என்று ஒன்றிய அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள். என் இரண்டு ஏக்கரும் போயிருந்தது. அந்த எரிச்சலில் நானும் கையெழுத்துப் போட்டேன். மதினியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சித்திரையில் கண்மாய் வற்றியதும் நடுக்கரையைத் தோண்டினோம். பொந்து கரையின் வெளிப்பக்கத்தில் தொடங்கி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஆள் படுத்து நுழையலாம். தண்ணீர்ப் பக்கம் மிச்சமிருந்தது ஒரு முழ மண். இன்னும் ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்திருந்தோமே! கருத்தக்கண்ணன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மதினி வீட்டுக்குப் போனேன். வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"வேலைய விட்டு எடுத்தது சரிதான் தம்பி. அந்த மரத்தூர மூடச் சொன்னது நாந்தேன். ஆனா தேவையில்லாம தண்ணியத் தொறந்தேன்னு எழுதுனீக பாரு, அது பொய்யி. அத மட்டும் அடிச்சிட்டு எழுதிக் குடு."

அன்றைக்கே எழுதினேன். கையெழுத்துக்கு வீடு வீடாகப் போனேன். கீழத்தெருவிலும் போனேன். எல்லோரும் வாங்கிப் படித்தார்கள். பார்ப்போம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். என் ஒரு கையெழுத்தோடுதான் அது ஆபீசுக்குப் போயிருக்கிறது.