தையில் பூக்கிற சாமந்தி

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்ட ஆடி மாதத்தில்தான் செடி வைக்கிற பேச்சு வந்தது. அரிசிக்கு வரிசையில் நின்ற அறுபதுகளின் ஒரு வருஷம். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு. அவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது. உப்பில்லாத சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறத்து வெறும் மணலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அங்க நாலு சாமந்தி வையேன். பூக்குறதப் பாத்துட்டுத்தான் போவேன்" என்றார் ஒருநாள்.

அவருக்கு அது பேச்சுவாக்கில் வந்த வார்த்தை. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் அவருடைய அக்கா இருந்தார். கிணற்றடி முழுக்கப் பூச்செடி வைத்திருப்பார். நேரில் போய் விஷயத்தைச் சொன்னதும் உள்ளேயிருந்து துலுக்கச் சாமந்தி விதையை எடுத்து வந்தார். "ரெண்டே மாசத்துல பூத்துடும். எந்த மண்ணுலயும் வரும். அவன் ஆசையாக் கேட்டிருக்கானே."

வேண்டாமென்றேன். சின்ன வெள்ளைச் சாமந்தி ஐப்பசியிலேயே பூக்கும் என்றார். அதுவும் வேண்டாமென்றேன்.

"எது அண்ணி ரொம்ப லேட்டாப் பூக்கும்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெரிய மஞ்சள் சாமந்தி ஒன்று மூலையில் இருந்தது. தை மாதம் வரைக்கும் இழுத்தடிக்குமாம். மழையில் அழுகும், வேலை ஜாஸ்தி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. "சரி, செடி ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளு, கிளை பிரியும். மொட்டு விட்டப்புறம் கை வெச்சிடாத, பூக்குறது இன்னும் தள்ளிப் போயிடும்" என்று சொல்லிக் கன்றுகளைப் பிரித்துக் கொடுத்தார். ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். தள்ளிப் போயிடும் என்றதுதான் வழியெல்லாம் காதில் இருந்தது.

எங்கள் மண்ணில் உப்பு அதிகம். உப்பு என் வீட்டுக்காரருக்கும் ஆகாது, செடிக்கும் ஆகாது. மண்ணெண்ணெய் டின்களில் ஆற்று வண்டலை நிரப்பி நட்டேன்.

ஐப்பசி மழையில் அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்திருந்தோம். அதே மழையில், பாழாய்ப்போன செடிகள் ஒன்றுகூட அழுகாமல் முன்கூட்டியே மொட்டு விட்டன. காலையில் எழுந்ததும் போய் ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் கட்டிக்கொள்வேன்.

"மொட்டு விட்டுச்சா?" என்று கேட்பார்.

"இன்னும் இல்லீங்க."

பூவைப் பார்க்காமல் போகமாட்டேன் என்றவரை எமன் எப்படிக் கூட்டிப்போகிறான் பார்க்கலாம் என்று எனக்கு வீம்பு. என் அம்மா வடலூருக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்தாள், நான் மொட்டுக் கிள்ளினேன். தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

கார்த்திகையில் ஒருநாள் கிள்ளிவிட்டு நிமிர்ந்தால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். எப்படி எழுந்தாரோ, எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"போதும் விடும்மா. பூக்கட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டின்களை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. உள்ளே வந்து அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். அதற்குப் பிறகு செடியில் கை வைக்கவில்லை.

மார்கழி பிறந்ததும் ஒரு காலையில் அவர் போய்விட்டார். மொட்டுகள் அப்போது பச்சையாகத்தான் இருந்தன. உற்றுப் பார்த்தால் நுனியில் கொஞ்சம் மஞ்சள் தெரியும்.

கருமாதிக்கு வந்த சிதம்பரத்து அண்ணி, கொல்லைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கிள்ளக் கிள்ளக் கிளை பிரிந்த செடிகள், இலை தெரியாமல் பூத்திருந்தன. கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி வாங்குவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை மஞ்சள் பூசி, பூ வைத்து உட்காரவைப்பார்கள். அதற்குப் பூ வாங்கி வர ஆள் அனுப்பப் பார்த்தார்கள். அண்ணி தடுத்தார்.

"வேணாம். இங்கியே கெடக்குது."

அவரே பறித்து, அழுதுகொண்டே தொடுத்து என் தலையில் வைத்தார். கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு பூ வைக்கவில்லை. கழுத்து வலித்தது. என் வீட்டுக்காரர் பார்க்காத பூ அத்தனையும் என் தலையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.