செருப்புத் தவளையும் டூப்ளிகேட் பூச்சும்

இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, நானும் என் மனைவி சுமதியும் தலையோடு ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். வெளியே எங்கள் ஊர் வேங்கிக்காலின் வெயில். உள்ளே ஒரு டார்ச், ஒரு ரப்பர் தவளை.

எதுவும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நடந்தது ஆராய்ச்சி.

ஏரியில் தூண்டில் போடுவது எனக்குப் பைத்தியம். விராலுக்குத் தவளை என்றால் உயிர். அதனால் தேய்ந்த ரப்பர் செருப்பைத் தவளையாக வெட்டி, முள் மாட்டி, பொய் இரை செய்வேன். ஒரு வீடியோவில் பார்த்தேன் - அதற்கு ‘யுவி’ பூச்சு பூச வேண்டுமாம். புற ஊதாக் கதிர் பட்டால் பூச்சு நீலமாக ஒளிருமாம். கலங்கல் தண்ணீரிலும் மீனுக்குத் தெரியுமாம். உண்மையா? மீனைத்தான் கேட்க வேண்டும். ஆனால் இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஆன்லைனில் பூச்சும், சோதித்துப் பார்க்க யுவி டார்ச்சும் வரவழைத்தேன். முதலில் வெள்ளை பெயின்ட். காய்ந்ததும் பூச்சு, மூன்று கோட். டார்ச் அடித்தால்... அழுக்குச் சாம்பல். அவ்வளவுதான்.

சுர்ரென்று ஏறியது. விற்றவருக்குப் போன் போட்டேன்.

“ரூமை இருட்டாக்கிட்டுப் பாத்தீங்களா சார்?”

“எனக்கே கத்துக் குடுக்கறீங்களா?”

மறுபேச்சில்லாமல் வேறு பாட்டில் அனுப்பினார். அதுவும் சாம்பல். ‘டூப்ளிகேட் சரக்கு, ஏமாறாதீர்கள்’ என்று ரிவ்யூ எழுதி, ஒற்றை ஸ்டார் போட்டேன். உடனே கூப்பிட்டார்.

“கடை ஆரம்பிச்சு ரெண்டு மாசந்தான் சார் ஆவுது. இருக்கறதே நாலு ரிவ்யூ. அத மட்டும் எடுத்துடுங்க சார்.”

முடியாது என்று வைத்துவிட்டேன். என் நியாயத்தைச் சுமதிக்கு நிரூபிக்கத்தான் அந்தப் போர்வை.

“பாத்தியா? ஒண்ணுமே இல்ல.”

“என்னாங்க பேசறீங்க? நீலமா ஜொலிக்குது. உங்க பனியன்கூட ஜொலிக்குது.”

“விளையாடாத.”

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் போடுபவர் வந்தார். அவரையும் விடவில்லை. போர்வைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். “நீலமா எரியுது சார். சீரியல் செட்டு கணக்கா.”

பேப்பர் படிக்கிறேன், பஸ் போர்டு படிக்கிறேன்... கண்ணில் என்ன குறை?

கண் டாக்டர் சாவகாசமாகச் சொன்னார். “ரெண்டு கண்ணுலயும் புரை. கொஞ்சம் கொஞ்சமா பழுப்பேறியிருக்கு. நீலம் உள்ள போறதே கம்மி. மெதுவா வந்ததால உங்களுக்கே தெரியல.”

பயந்துகொண்டேதான் ஆபரேஷனுக்குப் போனேன். முதல் கண் முடிந்து, கட்டெல்லாம் பிரித்த பிறகு, தவளையை எடுத்து டார்ச் அடித்தேன். அப்படி ஒரு நீலம். சந்தோஷம் கொஞ்சம், வெட்கம் நிறைய.

பழைய ரிவ்யூவை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: ‘பூச்சு அசல். என் கண்தான் டூப்ளிகேட்.’ போனிலும் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார், கண்ணப் பாத்துக்கங்க” என்றார் அந்த நல்ல மனிதர். மீனுக்கு அந்த நீலம் தெரிகிறதா? டாக்டர் இன்னும் ஏரிப் பக்கம் விடவில்லை.

ஒரு கணக்கு தீர்ந்தது என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். சுமதி பீரோவிலிருந்து ஒரு பட்டுப்புடவையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“இது என்ன கலர்?”

“நீலம். ரொம்ப நல்லா இருக்கே, எப்ப எடுத்த?”

“ரெண்டு தீபாவளிக்கு முன்னாடி. ‘நல்ல நாள் அதுவுமா கறுப்பையா எடுத்துட்டு வந்த?’னு எரிஞ்சு விழுந்தீங்க. அன்னிக்கு மடிச்சு வெச்சதுதான், கட்டவே இல்ல.”

இந்த ரிவ்யூவை நான் எங்கே போய் அழிப்பேன்?