நூறு கிலோமீற்றருக்குப் பதினைந்து லீற்றர்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கண்டுபிடிக்க நீங்கள் மினக்கெட வேண்டியதில்லை. என் மனைவிக்கே கலியாணமாகி மூன்று மாதம்தான் எடுத்தது. சாதாரண முட்டாள்கள் வீட்டில் இருந்துகொண்டு முட்டாளாக இருப்பார்கள். நான் இருபத்தாறு அடி நீளமான ஒரு வீட்டை டீசல் ட்ரக் ஒன்றின் பின்னால் கொழுவி, அதற்குள் அரிசி மூட்டையும் கொத்துரொட்டித் தட்டும் ஏற்றி, மனைவியையும் இரண்டு மகள்மாரையும் ட்ரக்கில் இருத்திக்கொண்டு, எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காக மலை இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தட்டியவன்.

தட்டியதற்கு ஒரு வாக்குத்தான் காரணம். அந்த வாக்கைக் கொடுத்ததற்குக் காரணம் கதவுகள்.

ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் சொந்த வீடு வாங்குவதற்கு முன் எட்டு வருடம் நாங்கள் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் இருந்தோம். ஒற்றை அறை, இரண்டு மெத்தை, நாலு பேர். ஒருவர் இருமினால் மற்ற மூவரும் எழும்புவோம். யாருக்கு என்ன கனவு வந்தது என்பது காலைத் தேநீருக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த நாட்களில் என் ஒரே ஆசை ஆளுக்கொரு அறையும் அறைக்கொரு கதவும்தான். ஓவர்ரைம் செய்து செய்து, கடைசியில் அந்தக் கதவுகளை வாங்கினேன். ஐந்தாம் வருடம் மூத்தவள் தன் கதவைச் சாத்தினாள். அவளைப் பார்த்து இளையவளும் சாத்தினாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட நான் மேசையில் இருந்தபடியே தொலைபேசியில் செய்தி அனுப்புகிற நிலைமை வந்தது. பதிலுக்குப் பெருவிரல் படம் ஒன்று வரும். ஆள் வராது.

அந்த நேரம்தான் ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் அந்த ட்ரெயிலர், அதாவது சில்லு வைத்த வீடு, இழுக்கிற டீசல் ட்ரக்கோடு சேர்த்து விற்பனைக்கு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு அடுக்குப் படுக்கை, சின்ன மேசை, அடுப்பு. கழிப்பறையைத் தவிர வேறு கதவே இல்லை. அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன்.

இந்தக் காரணத்தை மனைவியிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆம்பிளை அல்லவா, ஆகவே இயந்திரக் கதை சொன்னேன்.

“டீசல் ட்ரக்கப்பா. பெற்றோல் மாதிரி இல்லை. நூறு கிலோமீற்றருக்குப் பன்னிரண்டு லீற்றர்தான் குடிக்கும்.”

பின்னால் ஒன்றையும் இழுக்காமல் வெறும் ட்ரக்காக ஓடினால் என்று விற்பனைக்காரர் சொன்ன மீதிப் பாதியை நான் விழுங்கிவிட்டேன். ஆனால் என் மனைவி ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். ஊறுகாயில் உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று நாள் முழுக்க அளப்பவள். அளவு சொல்லாத பொய் என்றால் அவளிடம் ஓரளவுக்குத் தப்பும். நான் அளவோடு சொல்லிவிட்டேன்.

“ட்ரெயிலரையும் இழுத்துக்கொண்டோ?”

“ஓம்.”

“பன்னிரண்டு?”

“பன்னிரண்டு.”

“சரி, உங்கடை வாய்க்கு மூண்டு லீற்றர் கழிவு தாறன். பதினைஞ்சு. கோடை முடியேக்கை அதுக்கு மேலை காட்டினால் ட்ரக்கும் இல்லை, ட்ரெயிலரும் இல்லை. மற்றச் சனம் மாதிரி மோட்டலிலை ரெண்டு அறை எடுத்துப் படுப்பம்.”

இரண்டு அறை என்றால் திரும்பவும் கதவு. நான் தலையாட்டினேன்.

முதல் பயணம் நானூற்றொன்று நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மணித்தியாலம். தட்டையான பாதை. ட்ரக்கின் முகப்புத் திரையில் எண்ணெய்க் கணக்குத் தெரியும். பிக்கரிங் தாண்டுவதற்குள் அது பதினெட்டைத் தொட்டது. அஜக்ஸில் பத்தொன்பது. ஏதோ காய்ச்சல்காரரின் உடம்புச்சூட்டைப் பார்ப்பதுபோல நான் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். மனைவி தண்ணீர்ப் போத்தலைத் தேடிக் குனிந்த நேரம் திரையை மாற்றிவிட்டேன்.

“எவ்வளவு காட்டுது?”

“கிழக்கு.”

“என்ன கிழக்கு?”

“திசைகாட்டி போட்டிருக்கிறன். வழி தவறக்கூடாதெல்லே.”

“நானூற்றொண்டிலையோ?”

போய்ச் சேரும்வரைக்கும் நாங்கள் கிழக்கு நோக்கித்தான் போனோம். அடுத்த நாள் காலை மழை. ட்ரெயிலரின் கூரையில் விழுகிற மழைக்கு ஒரு சத்தம் உண்டு, யாரோ நல்லெண்ணெயில் கடுகு தாளிக்கிற மாதிரி. மேல் படுக்கையிலிருந்து மூத்தவள் கையைத் தொங்கவிட்டுக் கீழே கிடந்த இளையவளின் தலைமயிரை இழுத்தாள். இளையவள் காலால் மேல் பலகைக்கு உதைத்தாள். மனைவி அடுப்படியில் நின்ற இடத்தை விட்டு அசையாமலே நாலு பேருக்கும் தேநீரை நீட்டினாள். “பேஸ்மென்றிலை இதைவிட இடம் இருந்தது” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் அன்று சரியாகக் கவனிக்கவில்லை. என் மனதில் பத்தொன்பது புள்ளி எட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது மூத்தவள் நகரின் நடுவில் ஒரு கொண்டோவில் இருக்கிறாள். இளையவள் வேறு மாகாணத்தில் படிக்கிறாள். எங்கள் வீட்டில் எல்லாக் கதவும் திறந்தே கிடக்கின்றன. அந்த ஒரு மழைக்காலைக்கு நூறு கிலோமீற்றருக்கு ஐம்பது லீற்றர் என்றாலும் ஊற்றியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை, முட்டாள் என்று முதலிலேயே சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் குறைக்க வேண்டியது பாரம்தான் என்று தீர்மானித்தேன். நம்மவர்கள் காட்டுக்குப் போனாலும் சமையலறையைக் கழற்றிக்கொண்டுதான் போவார்கள். அரிசி இருபது கிலோ, பெரிய சருவச்சட்டி, பொரிக்கிற தாச்சி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கொத்துரொட்டித் தட்டு. அது இரண்டு பேர் பிடித்துத் தூக்குகிற இரும்புத் தகடு. குளியலறைத் தராசைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்து, ஒவ்வொரு சட்டியாகப் பிடித்துக்கொண்டு ஏறி நின்று, பிறகு என் நிறையைக் கழித்தேன். எல்லாச் சட்டியையும் சேர்த்தாலும் என்னைவிடக் குறைவு என்று தெரியவந்தது.

“பாரம் குறைக்கிறதெண்டால் உங்களை விட்டிட்டுப் போவம்” என்றாள் மனைவி, வாசலில் நின்று.

“தட்டையாவது விட்டிட்டுப் போவம்.”

“தட்டு வரும்.”

தட்டு வந்தது. அந்த ஆகஸ்ட் மாதம் அல்கோன்குவின் காட்டுக்கு ஒரு கிழமைப் பயணம். மனைவியின் தம்பியும் குடும்பமும் தங்கள் வான் வண்டியில் எங்களுக்குப் பின்னால். தம்பி பதினெட்டுச் சில்லு லொறி ஓட்டுபவன். ரொறன்ரோவிலிருந்து மேற்குக்கரை வரை சுமை கொண்டுபோகிறவன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் அத்தான்காரன் மச்சானிடம் புத்தி கேட்பதா?

குளிரூட்டியை நிறுத்தினேன். கண்ணாடி திறக்கவும் விடவில்லை, காற்றுப் பிடிக்குமாம். நால்வரும் அவிந்துகொண்டு போனோம். ஹன்ற்ஸ்வில் வரைக்கும் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. திரையில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். இடையிடையே அவள் அசந்த நேரம் எண்ணெய்க் கணக்கைத் தட்டிப் பார்த்தேன். இருபத்தொன்றுக்கு மேல். கோடை முடிய முன் இனி இது ஒன்றுதான் பயணம். இதிலும் பதினைந்து வராவிட்டால் ட்ரெயிலர் போய்விடும்.

அங்கிருந்து பாதை ஏறி இறங்கத் தொடங்கியது. முதல் நீண்ட ஏற்றத்தின் உச்சிக்கு வந்ததும் முன்னால் ஒரு பெரிய இறக்கம் தெரிந்தது. எனக்கு இருபது வயதுப் புத்தி வேலை செய்தது. எண்ணெய்த் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். பெற்றோல் ஒரு மூடி விட்டு எஞ்சினை உதைத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். சந்தி வர முன்னமே எஞ்சினை நிறுத்திவிட்டு மிச்சத் தூரம் உருண்டு போவோம். உருளுகிற தூரம் அத்தனையும் சும்மா கிடைத்த தூரம். அந்தக் காலத்தில் ஓட்டியவர்கள் பலருக்கு இந்தக் கைப்பழக்கம் இன்னமும் போகவில்லை. சிவப்பு விளக்கைக் கண்டால் கை தானாகக் கியருக்குப் போகும். ஆனால் யாழ்ப்பாணம் தட்டையான ஊர். பாலத்தைத் தவிர இறக்கம் என்று ஒன்று கிடையாது. இப்படி ஓர் இறக்கத்தை எனக்கு யாரும் அதுவரை தந்ததில்லை.

நியூட்ரலுக்குத் தட்டினேன்.

எஞ்சின் சத்தம் அடங்கியது. ஒரு கணம் எவ்வளவு சுகம். வேகம் தொண்ணூறிலிருந்து நூறாயிற்று. நூற்றுப்பத்து. பிறகு பின்னாலிருந்து யாரோ முதுகில் தள்ளுகிறாற்போல இருந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ட்ரெயிலர் ஒருமுறை இடப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தது, பிறகு வலப்பக்கம், பிறகு இன்னும் பெரிதாக இடப்பக்கம். பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் கூடியது. மனைவி ஒரு கையால் மேலே இருந்த பிடியையும் மறு கையால் என் சட்டையையும் பிடித்தாள். பின்னால் மகள்மார் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கைக்கு அகப்பட்ட எதையோ அமத்தினேன். அது ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கிற நெம்புகோலாக இருந்தது. இதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. வைப்பர் அகப்பட்டிருந்தால் வைப்பரைப் போட்டிருப்பேன். ட்ரெயிலர் பின்னால் இழுபட்டு நேராகியது. ஓரத்துச் சரளையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

தம்பி வானைப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். முதலில் ட்ரெயிலரின் சில்லுகளைப் பார்த்தான். பிறகு அதை ட்ரக்கோடு கொழுவியிருந்த கொக்கியைப் பார்த்தான். பிறகு பிள்ளைகளைப் பார்த்தான். கடைசியாக என்னை.

“அத்தான், எஞ்சின் நிண்டுபோச்சோ?”

“இல்லை.”

“பிரேக் பிழையோ?”

“இல்லை.”

“பின்னை?”

“நியூட்ரலிலை விட்டனான்.”

அவன் வீதியோரத் தடுப்பில் இருந்துவிட்டான். “ஏன்?”

“எண்ணெய் மிச்சம்.”

“கியரிலை விட்டு இறங்கினால் எஞ்சின் ஒரு சொட்டும் குடிக்காது அத்தான். சில்லுத்தான் எஞ்சினைச் சுத்தும், ட்ரெயிலரையும் அதுவே பிடிச்சு வைச்சிருக்கும். நியூட்ரலிலை விட்டால்தான் அணையாமல் எரியுறதுக்குக் குடிக்கும்.”

“அப்ப நான் மிச்சம் பிடிக்கேல்லையோ?”

“கூடச் செலவழிச்சிருக்கிறியள். எங்கடை சீவனையும் சேர்த்து.”

எனக்குச் சாட்டுக்கு வேறு ஆள் இருக்கவில்லை. கொத்துரொட்டித் தட்டைக் காட்டிக்கொடுத்தேன்.

“தட்டை விடுங்கோ. உந்த முன்பக்கத்தைப் பாருங்கோ, சுவர் மாதிரி. காத்தை இடிச்சு இடிச்சுப் போகுது. ஏத்தத்திலைதான் பாரம் கேக்கும். தட்டையான ரோட்டிலை உதுக்குள்ளை பஞ்சை ஏத்தினாலும் உவ்வளவுதான் குடிக்கும். மெல்லமாய் ஓடினால் கொஞ்சம் குறையும். அதுவும் பதினெட்டுக்குக் கீழை வராது.”

“பதினைஞ்சு வராதோ?” இது மனைவி. அவள் இறங்கி வந்ததை நான் காணவில்லை.

“பதினைஞ்சோ? உந்த வீட்டை இழுத்துக்கொண்டோ? ஆர் அக்கா சொன்னது?”

அக்கா ட்ரக்கின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தாள். வடக்கு, வடகிழக்கு என்று தடுமாறிக்கொண்டிருந்த திரையை ஒருமுறை தட்டினாள். ஆய்வுகூடத்தில் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

“இருபத்தொண்டு புள்ளி நாலு.”

தம்பி இடத்தின் வெப்பத்தை அறிந்து தன் வானுக்குப் போய்விட்டான். பிள்ளைகள் இருவரும் எதற்கோ ட்ரெயிலருக்குள் ஏறியிருந்தார்கள். ஆட்டத்தில் அலுமாரிகள் திறந்து, அரிசி மூட்டை வெடித்து, உள்ளே முழங்கால் வரைக்கும் எல்லாமே கொட்டிக் கிடந்தது. மூத்தவளின் சத்தம் கேட்டது. “அப்பா, வீ ஆர் நெவர் டூயிங் தட் அகெய்ன், ஓகே?” பிறகு ஏதோ சரிந்து விழுகிற சத்தம். பிறகு இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள், நிறுத்த முடியாத சிரிப்பு. பயம் போனபின் வருகிற சிரிப்பு.

மனைவி சிரிக்கவில்லை. நான் ஓட்டுநர் கதவருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். விற்பனைக்காரர் சொன்ன மீதிப் பாதி வசனம், திசைகாட்டி, பத்தொன்பது புள்ளி எட்டு. அதோடு நின்றிருக்கலாம். கதவுகளையும் சொன்னேன். பேஸ்மென்றில் நாலு பேரும் ஒரே அறையில் கிடந்தது எனக்கு விருப்பமாக இருந்தது என்றும், அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் லீற்றர்க் கதை சொன்னேன் என்றும் சொன்னேன். லொறிகள் எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ட்ரக் ஒருமுறை ஆடியது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியில் ட்ரெயிலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இளையவள் ஏதோ சொல்ல, மூத்தவள் திரும்பவும் சிரித்தாள்.

“பிழை என்ரைதான்” என்றேன். “கோடை முடியுமட்டும் பாக்கத் தேவையில்லை. சொன்னபடி திரும்பிப் போன உடனை வித்துப்போடுறன்.”

“வித்துப்போட்டு நாங்கள் நாலு பேரும் எங்கை படுக்கிறது?” என்றாள்.