பியானோவுக்குள் ஒரு குண்டு பல்பு

"குண்டு பல்பா? அதெல்லாம் இப்ப வாரதில்லக்கா. எல்இடி எடுத்துக்கங்க, கரண்டு மிச்சம்லா," என்றான் ஈப்போ குனோங் ராபாட் பக்கத்து ஹார்ட்வேர் கடைத் தம்பி. போன மாதம் நான் ஏறி இறங்கிய கடைகளில் அதுதான் கடைசி. எனக்கு வெளிச்சம் வேண்டாம், சூடுதான் வேண்டும் என்றேன். கோழிக்குஞ்சு வளர்க்கிறீர்களா என்று கேட்டான். பியானோவுக்கு என்றால் சிரிப்பான். வேறு வழியில்லாமல் அவன் கொடுத்த எல்இடியையே வாங்கி வந்தேன்.

நம் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் மழை பெய்தால் உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துவிடும். பியானோ மட்டும் என்ன செய்யும்? மரம் ஊறும், கம்பி துருப்பிடிக்கும், சுருதி இறங்கும். அதனால் அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன பல்பை இரவும் பகலும் எரியவிடுவோம். மூடி இடுக்கில் மஞ்சளாக ஒரு கோடு தெரியும்.

எங்கள் பியானோ பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், துரை பங்களாவில் இருந்தது. அம்மாவுக்கு அங்கே ஆயா வேலை. தோட்டம் விலைபோனதும், தூக்கிப்போக ஆளில்லாமல் துரை அதை அம்மாவுக்கே விட்டுவிட்டார். வருஷக்கணக்கில் அதைத் துடைத்தவள் ஒரு கட்டையைக்கூட அழுத்தியதில்லை. உர லாரியில் ஈப்போ வந்து சேர்ந்த அன்றே பல்பை மாட்டினாள். தினமும் காலையில், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பலகையில் உள்ளங்கையை வைப்பாள். "சூடு இருக்கு. வாசி பிள்ள," என்பாள். நானும் வாசித்தேன், சுமாராகத்தான்.

ஆயுத பூசையன்று அதற்கும் படையல் உண்டு. ஒருமுறை அம்மா சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து, கட்டைக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டாள். அது இடுக்கில் வழிந்து காய்ந்து, அழுத்திய கட்டை எழும்பவே இல்லை. சுருதி சேர்க்க மோட்டார் சைக்கிளில் வரும் சீனப் பெரியவர், அபேக் என்போம், ஒரு பகல் முழுக்கச் சுரண்டினார். மறுவருஷத்திலிருந்து பூசைக்கு முதல் நாளே வந்து நிற்பார். "மூடி மேல வைங்க லா அம்மா, பல்லுல வேணாம்," என்று கெஞ்சுவார்.

அபேக் காலமாகிவிட்டார். பியானோவும் மூடியே கிடந்தது, உள்ளே பல்பும் எப்போதோ அணைந்துபோனது. இப்போது அம்மாவுக்கு இடது காது போய்விட்டது, வலதும் அதிக நாள் தாங்காது என்கிறார் டாக்டர். "கேக்கும்போதே ஒரு தடவ வாசிச்சிரு," என்றாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுருதி சேர்க்க விசாரிக்காத ஆளில்லை. கடைசியில் கிடைத்த பினாங்குக்காரர், ஈப்போ பக்கம் அடுத்த மாதம்தான் வருவேன், அதற்குள் பல்பு போட்டுப் பெட்டியைக் காயவையுங்கள் என்றார். வீட்டில் டிவி சத்தம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

நேற்று அவர் வந்து, மதியம்வரை கம்பிகளை முறுக்கிச் சரிசெய்துவிட்டுப் போனார். அம்மாவின் வலது காது பியானோ பக்கம் இருக்கும்படி நாற்காலியை இழுத்துப் போட்டேன். பாட்டுக் கேட்க அவள் எப்போதும்போல் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பிடித்ததை முழுதாக வாசித்தேன். ஒரு தப்புக்கூட இல்லை, நம்புங்கள்.

முடித்துத் திரும்பினேன். அம்மா கண்ணைத் திறந்து, கையை நீட்டிப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சில்லுனு இருக்கே பிள்ள. பல்பப் போட்டுட்டு ஆரம்பி. அவசரமில்ல, நான் இங்கதான இருக்கேன்."

பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூடி இடுக்கில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. மஞ்சளும் இல்லை, அம்மாவின் கை தேடிய சூடும் இல்லை. நான் முதலிலிருந்து மறுபடியும் வாசித்தேன், இன்னும் பலமாக.